கேடயக்காரி

பழைய விளையாட்டு திரும்பி வந்திருந்தது. முன்பு கணினியில் ஆடியதை இப்போது கைபேசிக்குள் அடைத்து அனுப்பியிருந்தார்கள். அதே கோட்டை, அதே மூங்கில் காடு, அதே கொம்பு ஊதும் ஓசை. உள்ளே நுழைந்ததும் ஐந்து உருவங்கள் தீவட்டி வெளிச்சத்தில் வரிசையாக நிற்கும். மேலே ஒரு கேள்வி எரியும்: யாராக வருகிறீர்கள்?

வாள்காரன், வில்காரன், மந்திரவாதி, வைத்தியன், கேடயக்காரன். ஒருமுறை தொட்டுவிட்டால் தொட்டதுதான். பாதியில் மாற்றிக்கொள்ள முடியாது.

திண்டிவனம் பேருந்து நிலையத்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தபடி நான் வைத்தியனைத் தொட்டுவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. இருபது வயதிலும் அந்த விளையாட்டில் நான் வைத்தியன்தான். பக்கத்தில் அக்கா, கூடப்பிறந்தவள் இல்லை, எங்கள் கூட்டத்துக்கே அக்கா. அவள் விரல் இடுக்கெல்லாம் மல்லாட்டைத் தோலின் செந்தூள்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். நேராக மில்லிலிருந்து வந்திருந்தாள். அவள் விரல் திரைக்கு மேலே, தண்ணீருக்கு மேல் தும்பி நிற்பதுபோல நின்றது. இறங்கவில்லை.

"இன்னாக்கா, ஒன்னுதுதான் தெரிஞ்சதாச்சே. கேடயத்தத் தொடு."

"இருடா. கேடயம்தான் எடுக்கணும்னு எதனா சட்டம் போட்டுகிறாங்களா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சென்னைப் பேருந்து ஒன்று உறுமிக்கொண்டு பின்வாங்கியது. வெள்ளரிப்பிஞ்சு விற்பவர்கள் ஜன்னல் ஜன்னலாக ஓடினார்கள். விரல் அங்கேயே நின்றது.

அக்கா இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நான் கடைசியாகச் சொல்லப்போகிற நாளுக்குப் பிறகு மில்லில் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டாள். அறையைக் காலி செய்துவிட்டாள். எண்ணை அழுத்தினால் உபயோகத்தில் இல்லை என்கிறது ஒரு பெண் குரல், யாருடைய துயரமும் ஒட்டாத குரல். எனக்கு மிஞ்சியது அந்த விரல்தான். அது அன்றைக்கு ஏன் இறங்கவில்லை என்பதைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

விழுப்புரத்தில் ரயிலடிக்குப் போகிற சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ஏணிபோல் செங்குத்தாக ஏறும் படிகளின் முடிவில் இருந்தது அக்காவின் பிரவுசிங் சென்டர். காலையில் ஹால் டிக்கெட் எடுக்க வருவார்கள், தேர்வு முடிவு பார்க்க வருவார்கள், பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுவார்கள். மதியத்தில் வெயிலுக்குப் பயந்து ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்த வேளையில் நாங்கள் நான்கு பேர் விளையாட்டுக்குள் போவோம். வேலை தேடிக்கொண்டிருந்த நான். என்னோடு படித்த காதர், அவன் வில். அக்காவின் கூடப்பிறந்த தம்பி, அவன் வாள். அவன் எங்களைவிடப் பெரியவன், ஆனாலும் அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்களுக்கும் அவன் தம்பி ஆகிவிட்டான். முன்னால் கேடயத்தோடு அக்கா.

ஆடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த விளையாட்டில் அரக்கன் யார்மேல் அதிகக் கோபமாக இருக்கிறானோ அவரைத்தான் அடிப்பான். கேடயக்காரனுக்கு வெட்டுகிற வேலை குறைவு. அரக்கனின் கோபத்தைத் தன்மேல் திருப்பிக்கொள்வதுதான் அவன் வேலை. அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் உருவம் கேடயத்தில் தட்டி அதட்டும். அக்காவுக்கு அந்தப் பொத்தான் போதாது. வாயாலும் அதட்டுவாள்.

"டேய், அங்க இன்னாடா பார்வ? என்னாண்ட வாடா, பன்னாட! என்னாண்ட வா!"

விண்ணப்பம் தட்டிக்கொண்டிருக்கும் யாராவது வாத்தியார் பதறித் திரும்புவார். "உங்கள இல்லீங்க சார், நீங்க அடிங்க," என்பாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மற்றவர்கள் அரக்கனைப் பார்த்து ஆடுவார்கள். வைத்தியன் அரக்கனைப் பார்க்க மாட்டான். கேடயக்காரியின் தலைக்கு மேலே ஓடும் சிவப்புக் கோட்டைத்தான் பார்ப்பான். அதுதான் உயிர். அது தேயத் தேய நான் நிரப்ப வேண்டும். எத்தனை மதியங்கள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷியை அப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பிறகு வேறுமாதிரி பார்க்க வருவதில்லை. அவள் டீ குடிக்கும்போதும், படியைக் கழுவும்போதும், தலைக்கு மேலே அந்தக் கோடு எனக்குத் தெரியும்.

படியைக் கழுவியது ஒரு கதை. வீட்டுக்காரர் ஒருநாள் கத்திக்கொண்டே ஏறி வந்தார். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த படிச்சுவரில் யாரோ பாக்குப் போட்டுத் துப்பியிருந்தார்கள். செக்கச்செவேலென்று, வெட்டுப்பட்டதுபோல். தம்பி அந்தக் கணமே கணினிக்கு அடியில் எதையோ தேடக் குனிந்தான்.

"எவன்டா துப்புனது? ஆம்பளயா இருந்தா எழுந்து வாங்கடா!"

அக்கா எழுந்தாள். "நான்தாங்க துப்பினேன்."

"நீயா?"

"ஆமாங்க. பல்லு வலின்னு பாக்குப் போட்டேன்."

வீட்டுக்காரர் அவள் வெள்ளைப் பற்களைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்குமேல் ஒரு பெண்ணை என்ன திட்டுவது என்று தெரியாமல் அவர் இறங்கிப் போக, அக்கா வாளியும் துடைப்பமுமாக உட்கார்ந்துவிட்டாள். காதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தம்பியும் சிரித்தான். அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அப்போதெல்லாம் மின்சாரம் சொல்லாமல் போகும். யுபிஎஸ் அக்காவின் கணினிக்கும் மோடத்துக்கும் மட்டும்தான் தாங்கும். ஒருநாள் பெரிய அரக்கனோடு சண்டை உச்சத்தில் இருக்கும்போது மின்விசிறி நின்றது, எங்கள் மூன்று திரையும் கறுத்தது. விளையாட்டுக்குள் எங்கள் உருவங்கள் உடனே மறையாது, கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். அக்கா மட்டும் உள்ளே உயிரோடு இருந்தாள். அவள் ஓடியிருக்கலாம். காட்டின் வாசல் பக்கத்திலேயே இருந்தது. நாங்கள் நாற்காலியை விட்டு எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றோம். அரக்கன் அடிக்கிறான், கோடு தேய்கிறது, நிரப்ப நான் இல்லை. யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்துகிறது. அவள் அதட்டிக்கொண்டே இருந்தாள், கடைசிப் பொட்டு சிவப்பு போகிறவரைக்கும்.

"ஓடியிருக்கலாமேக்கா."

"நீங்கள்லாம் செல மாதிரி நின்னுக்கினு இருந்தீங்களேடா. எப்டி உட்டுட்டு வர்றது?"

"செத்தா இன்னாக்கா? மறுபடி எழுந்துக்கப் போறோம். வெளையாட்டுதான?"

"சாவறதுக்குப் பழகக்கூடாதுடா," என்றாள். வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். வெளியே பாசஞ்சர் வண்டி ஒன்று தண்டவாளத்தை அரைத்துக்கொண்டு போனது.

அவள் இடது முன்கையில் ஒரு மேடு இருக்கும். எலும்பு உடைந்து, அதுவாகச் சேர்ந்துகொண்ட மேடு. ஒலக்கூர்ப் பக்கத்தில் கல் உடைக்கப் போன அப்பா, குடித்துவிட்டு வந்த சாயங்காலங்கள். அம்மா செத்த பிறகு வீட்டில் அடிக்கக் கிடைத்தவர்கள் இரண்டே பேர். தம்பியைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு இவள் முன்னால் போய் நின்றுகொள்வாள். மண்வெட்டிக் காம்பு இவள்மேல் இறங்கும். பச்சாதாபம் கேட்டு அவள் சொன்னதில்லை. காதர் விளையாட்டு நுணுக்கம் ஒன்றைக் கேட்டபோது, அதற்குப் பதிலாக இதைச் சொன்னாள்.

"அடிக்கிறவனுக்கு யாரையாவது அடிக்கணும். அவ்ளோதான்டா. யாரன்னு அவனுக்கே தெரியாது. நீ போயி முன்னால நின்னுட்டன்னா ஒன்ன அடிச்சிட்டுப் படுத்துக்குவான்."

இதைக் கேட்டுக்கொண்டு தம்பி திரையில் வாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். அவன் நல்ல ஆட்டக்காரன் இல்லை. கேடயம் கோபத்தை வாங்கிக்கொள்ளும்வரை வாள் காத்திருக்க வேண்டும், அது ஆட்டத்தின் அரிச்சுவடி. அவன் காத்திருக்க மாட்டான். முதலில் பாய்வான். அரக்கன் அவன் பக்கம் திரும்புவான். அக்கா குறுக்கே ஓடுவாள். ஒவ்வொரு தடவையும்.

"யக்கா, ஒரே ஒரு தடவ அவன சாவ உடு," என்று காதர் கெஞ்சினான். "அடி வாங்குனா இன்னான்னு அவனுக்குத் தெரியவே மாட்டேன்து. ஜல்தியில பாயறான், பேஜாரு நமக்கு."

"போடா. எங்கூட்டுப் புள்ள."

காதர் என்னைப் பார்த்தான். நான் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரு பையோடு திரும்பி வந்தவள் அக்கா. அங்கே யார் முன்னால் நின்றாள், எதை வாங்கிக்கொண்டாள் என்பதை மட்டும் சொல்லவே இல்லை. கண்ணாடி வளையல் போடுவதை மட்டும் விடவில்லை. இரண்டு கையிலும் பச்சை வளையல், தட்டச்சு செய்யும்போது மழைபோல் ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் நின்றது முண்டியம்பாக்கத்தில்.

பொழுது சாயும் நேரத்தில் எனக்குப் போன் வந்தது. "ஒரு பொடவ எடுத்துக்கினு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வாடா." வேறொன்றும் சொல்லவில்லை. போனேன். அவசர சிகிச்சைக் கட்டடத்துக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மடி முழுக்க ரத்தம். அவளுடையது இல்லை.

நடந்தது இது. தம்பி அவளுடைய ஸ்கூட்டியை எடுத்துப் போயிருக்கிறான், குடித்திருக்கிறான். சர்வீஸ் ரோட்டில், மல்லாட்டை பிடுங்கிவிட்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த ஒரு அம்மாவை இடித்துவிட்டான். ஓரமாக உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தான். அக்கா ஆட்டோ பிடித்துப் போனாள். அந்த அம்மாவுக்கு அப்போது மூச்சு இருந்தது. அக்கா வந்த ஆட்டோவில் தம்பியை ஏற்றி, "எங்கயும் நிக்காத, திண்டிவனம் போயிடு," என்று அனுப்பிவிட்டாள். பிறகு ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். ஒரு குட்டியானை, சின்ன லோடு வண்டி, நின்றது. தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அந்த அம்மா போய்விட்டாள்.

இருந்தது ஒரே ஒரு ஆட்டோ. அதில் யார் ஏறியது என்பதை அக்கா அன்றைக்கே, அந்தச் சுவரோரத்திலேயே, எனக்குச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். வயதானவர், கெட்டவர் இல்லை. "வண்டி யாரு ஓட்டிக்கினு வந்தது?"

"நான்தான் சார்."

"நீயா? வண்டி மூஞ்சி நொறுங்கிக் கெடக்குது. ஒனக்கு ஒரு சிராய்ப்பு இல்லயே." அவர் அவள் கைகளைப் பார்த்தார். "கண்ணாடி வளையலு. ஒண்ணுகூட ஒடையலயாம்மா?"

அக்கா இரண்டு கைகளையும் தூக்கிச் சுவரில் ஓங்கி அடித்தாள். பச்சைத் துண்டுகள் சிதறி விழுந்தன. மணிக்கட்டில் கோடு கோடாக ரத்தம் எட்டிப் பார்த்தது.

"இப்ப ஒடஞ்சிடிச்சி சார்."

அவர் சிதறிய துண்டுகளைப் பூட்ஸால் ஓரம் தள்ளினார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "யாருக்காவம்மா இது?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இதற்குக் கேஸை ஏற்றுக்கொள்வது என்று பெயர். முதலாளிக்காக டிரைவர் ஏற்றுக்கொள்வான், மகனுக்காக அப்பன் ஏற்றுக்கொள்வான். எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் எழுதிக்கொள்வார்கள். அவரும் எழுதிக்கொண்டார்.

கேஸ் வருஷக்கணக்கில் இழுத்தது. செத்த அம்மாவுக்கு ஒரு மகள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட் வாசலில் வந்து நிற்பாள். அக்காவைக் கண்டதும் மண்ணை வாரித் தூற்றுவாள். "எங்கம்மாவக் கொன்னவளே, ஒன் வயித்துல புழு வைக்க!" அக்கா பின்வாசல் வழியாகப் போகலாம், வக்கீலே சொன்னார். போக மாட்டாள். அந்த மகள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நிற்பாள்.

"ஏங்க்கா, வேணும்னே போயி நிக்கிற?"

"திட்டறதுக்கு ஒரு ஆளு வேணாமாடா அதுக்கு? வெறும் வானத்தப் பாத்தா திட்டும்?"

தலையில் விழுந்த மண்ணைத் தட்டிக்கொள்ளாமல் உள்ளே போவாள். தம்பி ஒரு வாய்தாவுக்கும் வந்ததில்லை. வந்தால் சந்தேகம் வரும் என்று அக்காவே சொல்லியிருந்தாள்.

சில மாதங்கள் சிறையில் இருந்தாள். அதற்கு முன்பே சென்டர் மூடப்பட்டுவிட்டது. இப்போது அங்கே ஒரு டியூஷன் நடக்கிறது. காதர் சார்ஜாவுக்குப் போனான். நான் விழுப்புரத்திலேயே கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் வேலையில் ஒதுங்கினேன். தம்பிக்குக் கல்யாணம் ஆனது, அக்கா உள்ளே இருந்தபோது. லோடு வண்டி வாங்கினான். வெளியே வந்த அக்கா விழுப்புரத்துக்குத் திரும்பவில்லை. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மில்லில் சொத்தைப் பருப்பு பொறுக்கும் வேலையில் சேர்ந்தாள். ஓடும் பெல்ட்டுக்கு முன்னால் நாள் முழுக்க நின்று, கெட்டதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது. கையில் வளையல் இல்லை.

இப்படிப் பல வருஷம். பிறகுதான் விளையாட்டு திரும்பி வந்தது, காதர் சார்ஜாவில் இருந்தபடியே அதற்குள் குதித்தான், நான் பேருந்து பிடித்துத் திண்டிவனம் போனேன், அவள் விரல் அந்தரத்தில் நின்றது.

"யக்கா, இன்னும் எடுக்கலயா?" என்று கைபேசியிலிருந்து காதர் கத்தினான். "இங்க எனக்கு ட்யூட்டிக்கு நேரமாவுது. கேடயத்த அமுக்கு!"

அக்கா ஒவ்வொரு உருவமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கேடயக்காரன் வந்தபோது அவன் முதுகைத் திருப்பினாள். முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதோட பின்னால யாரு நிக்கிறாங்கன்னு இதுக்குத் தெரியாதில்ல?" என்றாள்.

நான் அவள் விரலைப் பார்த்தேன்.

"அந்த ஆட்டோவுல அந்தம்மாவத்தான்டா ஏத்தியிருக்கணும்."

அவ்வளவு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அது வந்தது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டு வில்காரனைத் தொட்டாள். திரை மின்னியது. கோட்டை வாசல் திறந்தது.

"அய்ய! நீ வில்லா?" காதர் அலறினான். "அப்ப நான் இன்னாத்த எடுக்கறது?"

"நீ போயி முன்னால நில்லுடா. நல்லா கொழுகொழுன்னுதான் கீற."

சில வாரங்கள் ஆடினோம். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நான் திண்டிவனம் போய்விடுவேன், அவள் அறையில், மின்விசிறிக்குக் கீழே. வில்காரி தூரத்தில் நிற்க வேண்டும். அவளுக்கு வரவில்லை. காதர்மேல் அடி விழுந்ததும் வில்லை வைத்துக்கொண்டே ஓடிப்போய் முன்னால் நிற்பாள், உடனே செத்துப்போவாள். காதர் கைபேசிக்குள்ளிருந்து கத்துவான். மெதுவாகப் பழகினாள். அரக்கன் காதரை அடிக்கும்போது கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நிற்பாள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். பிறகு இருக்காது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தம்பி வந்தான். தடித்திருந்தான். உள்ளே வந்து தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கடகடவென்று குடித்தான். என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

"யக்கா, சின்னப் பிரச்சன."

"யாருக்கு?"

"அவளுக்குத்தான், எங்கூட்டுக்காரிக்கு. கை லேசா ஒடஞ்சிடிச்சி. படியில வுழுந்துட்டா."

"வுழுந்தாளா?"

அவன் செம்பைக் கீழே வைத்தான். "அவ அம்மாக்காரி போயி மகளிர் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டா. நாளைக்கி வரச் சொல்லிகிறாங்க. நீ வந்து, நாத்தனா சண்ட, நான்தான் தள்ளிவுட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். பொம்பளைங்க சண்டன்னா எழுதி வாங்கிக்கினு அனுப்பிடுவாங்க. வக்கீலே சொல்லிட்டாரு."

"நான் அவளப் பாத்தே எத்தினி நாளாவுது."

"அது யாருக்குக்கா தெரியும்? ஒனக்கு இன்னா போவப்போவுது? எனக்குன்னா பொழப்பு போயிடும். கொழந்த இருக்குது."

அக்கா கைபேசியைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். நிதானமாக, சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள்: "ஒன்ன ஒண்ணு கேக்கறேன். அந்தம்மா மொகம் ஒனக்கு ஞாபகம் இருக்குதா?"

"எந்தம்மா?"

அவன் நடிக்கவில்லை. அதுதான் பயங்கரம். நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தான். எந்த அம்மாவும் அவனுக்கு வரவில்லை. அக்கா அவனையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. தான் சுட்ட செங்கல் கைபட்டதும் மண்ணாக உதிர்வதைப் பார்க்கிறவளின் முகம்.

"நாளைக்கி எத்தினி மணிக்கு?" என்றாள். அவன் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் நானும் போனேன். கூப்பிட்டாள், போனேன். மகளிர் காவல் நிலையத்தின் முன்னறையில் தம்பியின் மனைவி உட்கார்ந்திருந்தாள், சின்னப் பெண். மாவுக்கட்டுக் கையை மடியில் பிள்ளைபோல் வைத்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. சுவரோரம் தம்பி, சலவைச் சட்டையில். இன்ஸ்பெக்டர் அம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"நீதான் நாத்தனாரா? ஒன் தம்பி எல்லாம் சொல்லிட்டான். நீ சொல்லு. கைய ஒடச்சது நீதானா?"

"இல்லீங்க மேடம். நான் ஒடைக்கல. அவன்தான் அடிச்சான்." அக்காவின் குரல் நடுங்கியது. அந்தக் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை. "இன்னொண்ணும் சொல்லிடறேன். வண்டி கேசுன்னு நான் உள்ள போயிட்டு வந்தனே, அதுவும் அவன்தான். நான் ஓட்டல."

தம்பி சுவரிலிருந்து முதுகை எடுத்தான். "இன்னாக்கா ஒளர்ற?"

"நீ சும்மா இருடா," என்றார் இன்ஸ்பெக்டர். கண்ணாடியைக் கீழே இறக்கி அக்காவை மறுபடி பார்த்தார். "கோர்ட்ல நான்தான்னு ஒத்துக்கினு ஜெயிலுக்குப் போயிட்டு வந்திருக்கற. இப்ப நான் இல்லன்ற. ஒன் பேச்சுல எந்த நாள் பேச்சும்மா நான் எடுத்துக்கறது?"

"இன்னிக்குப் பேச்ச எடுத்துக்கோங்க மேடம்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "நீதாம்மா சொல்லணும். அடி வாங்கனவ நீ. பயப்படாம சொல்லு. யாரு?"

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தோம். அவள் எழுந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்க்கவில்லை. மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே இரண்டு எட்டு நடந்து, சுவரோரம் போய் நின்றாள். தம்பிக்கு முன்னால். அவன் சலவைச் சட்டை அவள் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்தது.

"அவரு ஒண்ணும் பண்ணலீங்க மேடம். எங்க நாத்தனாருதான்."

அவள் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. அக்கா, அந்தப் பெண் நிற்கிற நிலையைப் பார்த்தாள். கால் எவ்வளவு அகட்டி வைத்திருக்கிறாள், தலையை எப்படித் தாழ்த்தியிருக்கிறாள், எந்தத் தோளை முன்னால் கொடுத்திருக்கிறாள் என்று, தெரிந்தவள் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அந்தப் பெண்ணிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அக்கா கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். "நான் அடிக்கல," என்று ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு வார்த்தை. இன்ஸ்பெக்டர் சலித்துப்போய், குடும்பத் தகராறு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரையும் அனுப்பிவிட்டார்.

வாசலில் பிடிபட்ட வண்டிகள் துருப்பிடித்துக் கிடந்தன. தம்பி லோடு வண்டியைத் திருப்பப் போனான். அந்தப் பெண் வெயிலில் தனியாக நின்றாள். அக்கா அவளிடம் போனாள். கையைப் பிடிக்க நீட்டினாள், எந்தக் கை என்று தெரியாமல் நிறுத்தினாள்.

"ஏம்மா, நான் சொல்றதக் கேளு. அவன் முன்னால போயி நிக்காத. அவனுக்கு எதுவுமே தெரியாமப் போயிடும். நிக்காத."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். அவள் கண்ணில் வன்மம் இல்லை. வழி கேட்கிறவள்போல் கேட்டாள்.

"நீங்க நின்னீங்களே அண்ணி?"

வண்டி ஹாரன் அடித்தது. அவள் நல்ல கையால் கதவைத் திறந்து, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஏறி உட்கார்ந்துகொண்டாள்.